அநேகமா ஆண்

"மயிலாப்பூரா மேடம்?" என்று ஆட்டோக்காரர் கேட்டால் "அநேகமா" என்று பதில் சொல்கிற மனுஷியை என் ஆயுளில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். மேடம் அசரமாட்டார். "நடுவுல எங்கயாவது இறங்கிக்கணும்னு தோணித்துன்னா? அதை எப்படி இப்பவே நிச்சயமா சொல்றது?" என்று பக்கத்தில் நிற்கும் என்னிடம் நியாயம் கேட்பார். எனக்கோ பஸ் போய்க்கொண்டிருக்கும்.

நகரத்துக்கு நடுவில் இருக்கும் ஓர் அரசு மருத்துவமனை அது. பெயர் வேண்டாம். அங்கே நான் சி.டி. ஸ்கேன் எடுப்பவள். நோயாளியைப் படுக்கவைப்பது, ஆடாதீங்க அசையாதீங்க என்று அதட்டுவது, படம் எடுப்பது எல்லாம் என் பாடு. எடுத்த படத்தைப் பார்த்து என்ன ஏது என்று எழுதிக்கொடுப்பது மேடத்தின் பாடு. அவரோடு வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று பொறுமை வரும், இல்லாவிட்டால் பிரஷர் வரும் என்று எங்கள் நர்ஸ் சொல்வாள். எனக்கு இரண்டும் வந்தன.

காபியில் சர்க்கரை போடலாமா என்றால் அநேகமா. நாளைக்கு லீவா என்றால் அநேகமா. உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று ஒரு தடவை கேட்டேன். அதற்கு மட்டும் சரியாகப் பதில் சொன்னார். "அவர் போய்ட்டார்மா. அதனால கணக்கு நின்னுடுத்து" என்றார். நான் அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

சாதாரணப் பேச்சில் இது சிரிப்பாக இருக்கும். நோயாளியின் வீட்டார் முன்னால் அப்படி இருக்காது. ஒரு பெரியவருக்கு நெஞ்சுப் படத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. அவருடைய பையன் சாந்தோம் பக்கம் டீக்கடை வைத்திருப்பவர். அறைக்குள்ளேயே வந்துவிட்டார்.

"மேடம், அது கேன்சர் இல்லதானே?"

"அநேகமா இல்ல."

"அநேகமான்னா இன்னா மேடம்? கீதா, இல்லியா? அத்த சொல்லுங்க."

"இல்லாம இருக்கறதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி."

"படிச்சவங்க பேசுற பேச்சா மேடம் இது?" என்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். மேடம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லைன்னு நான் சொல்லிட்டா அவா ஆத்துக்குப் போய்ப் பாயசம் வெச்சுடுவாம்மா. அப்புறம் இருந்துதுன்னா?" என்றார். "பாயசமாவது சாப்ட்டிருப்பாங்க மேடம்" என்றேன் எரிச்சலில். அதற்கு அவர் கோபிக்கவில்லை. வாரக்கடைசி வரைக்கும் அதை மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள் சம்பந்தமில்லாமல், "பாயசம் பத்தி நீ சொன்னது அநேகமா சரிதான்" என்றார். இந்த மனுஷியை என்ன செய்வது?

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. சைனஸ். மூக்குக்கு இரண்டு பக்கமும் கன்ன எலும்புக்கு உள்ளே வெறும் காற்று நிற்கிற குழி ஒன்று எல்லோருக்கும் இருக்கிறது. சளி பிடித்தால் கனக்கிற இடம் அதுதான். ஆண்களுக்குப் பொதுவாக அது பெரிதாக இருக்கும், பெண்களுக்குச் சிறிதாக இருக்கும். மண்டையோடு உடைந்து முகம் சிதைந்து போனாலும் அந்த இடம் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஆகவே ஸ்கேன் எடுத்து அதன் உயரம், அகலம், ஆழம் எல்லாம் அளந்தால், அது ஆணின் தலையா பெண்ணின் தலையா என்று ஓரளவு சொல்லலாம். மேடம் அந்த 'ஓரளவு' என்கிற வார்த்தையைக் காதலித்தார் என்றே சொல்வேன். தலையில் அடிபட்டு வந்தவர்கள், தலைவலி என்று வந்தவர்கள், எல்லோருடைய பழைய படங்களையும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துவைத்துக்கொண்டு இடது பக்கம், வலது பக்கம் என்று அளந்துகொண்டே இருப்பார். வெளிநாட்டுக்காரர்கள் போட்ட கணக்கு நம் ஊர் முகங்களுக்குப் பொருந்தாது என்பது அவர் கட்சி.

வெளியே போனாலும் அந்தக் கண் மாறாது. அறுபத்துமூவர் திருவிழா அன்று மயிலாப்பூர் மாட வீதிக் கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். ஜனங்கள் எல்லாம் சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடம் ஜனங்களின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து எனக்கே ஸ்கேன் எடுக்க வேண்டிவந்தது. தலையில் ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் அதை எப்போதோ சொல்லிவிட்டார். ஆனால் மேடம் சும்மா விடுவாரா? மறுநாள் என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். முகம் இறுகி இருந்தது. கட்டியோ கிட்டியோ என்று நினைத்து இரண்டு பிள்ளைகளின் முகமும் கண்முன்னால் வந்துபோனது.

"பயப்படாதே. உன் சைனஸ் ரொம்பப் பெரிசு. இந்தக் கணக்குப்படி நீ அநேகமா ஆண்" என்றார்.

நான் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அவர் சிரிக்கவில்லை. "உன்னை எனக்குத் தெரியும், அதனால சிரிக்கற. எலும்பா மட்டும் வந்திருந்தியானா உன்னை ஆம்பளைன்னு எழுதி அனுப்பியிருப்பேன். உங்காத்துலேர்ந்து உன்னைத் தேடிண்டு வந்தவாளைத் திருப்பி அனுப்பியிருப்பா" என்றார். அன்று ராத்திரி சாப்பிடும்போது இதை நான் வேடிக்கையாகச் சொன்னேன். வீட்டுக்காரர் சிரித்தார், மாமியார் சிரித்தார். எனக்கு மட்டும் நடுவில் சோறு இறங்கவில்லை.

அந்த வருஷம் மழை ஓய்ந்த பிறகுதான் அது வந்தது. அடையாறு கடலில் சேரும் இடத்தில் சேற்றை அள்ளும்போது கிடைத்த மண்டையோடு. கீழ்த்தாடை இல்லை, நெற்றி நொறுங்கியிருந்தது, காதுக்குப் பின்பக்கமும் போய்விட்டது. ஆணா பெண்ணா என்று பிணவறை டாக்டர்கள் வழக்கமாகப் பார்க்கிற இடங்கள் எல்லாமே அவைதான். கன்ன எலும்பு மட்டும் முழுசாக இருந்தது. அதனால் எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். கூடவே சேற்றில் புடவைத் துணி கிழிசல் ஒன்று சுற்றியிருந்ததாம். அதைக் கொண்டுவந்த போலீஸ் எஸ்.ஐ. அந்தத் துணியை வைத்துப் பெண் என்று முடிவுகட்டி, மகளைக் காணவில்லை என்று புகார் கொடுத்திருந்த ஓர் அம்மாவைக் கையோடு அழைத்து வந்திருந்தார்.

நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்கிறவள் அந்த அம்மா. ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். மகள் வீட்டில் இல்லை, சிநேகிதிகளோடு தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவின் கடைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். ஒரு ஞாயிறு வரவில்லை. அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் வரவில்லை. இதையெல்லாம் எஸ்.ஐ.தான் சொன்னார். அவள் வாயே திறக்கவில்லை.

அன்று வேலை ஆகவில்லை. எலும்புக் குழிக்குள் சேறு அடைத்துக் காய்ந்திருந்தது. காற்று நிற்க வேண்டிய இடத்தில் மண் நின்றால் படத்தில் எதை அளப்பது? பதமாகக் கழுவி நிழலில் உலர்த்திக் கொண்டுவாருங்கள் என்று மேடம் திருப்பி அனுப்பினார். அந்த அம்மா மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். காலையில் கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு வந்து, ஸ்கேன் அறைக்கு எதிரில் இருந்த பெஞ்சில் உட்காருவாள். யாரையும் எதுவும் கேட்கமாட்டாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

"ஏங்க்கா, இவ்ளோ நேரமா உக்காந்திருக்கீங்க. உள்ள வந்து ஒரு வார்த்தை கேக்கலாம்ல?"

அவள் தலைக்குமேல் கையைக் காட்டினாள். பக்கத்து அறையில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுப்பார்கள். அதற்காக அந்தச் சுவரில் ஒரு போர்டு உண்டு. எல்லா ஸ்கேன் சென்டரிலும் தொங்குகிற போர்டுதான். குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் சட்டப்படி குற்றம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்.

"கேட்டா ஜெயில்னு போட்டுக்கீதே" என்றாள்.

"ஐயோ அக்கா, அது வயித்துல இருக்குற புள்ளைக்கு."

"நானும் என் வயித்துல இருந்த புள்ளையத்தானே கேக்கணும்?" என்றாள்.

நான் உள்ளே போய் இதை மேடத்திடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ள வெகுநேரம் பிடித்தது.

கழுவிய மண்டையோடு வந்ததும், நோயாளிகள் கூட்டம் குறைந்த மத்தியான வேளையில் அதை மேஜையில் பஞ்சு அண்டை கொடுத்துப் படுக்கவைத்தேன். பழக்கதோஷம், ஆடாதீங்க என்று சொல்ல வாய் வந்துவிட்டது. படம் நன்றாக விழுந்தது. மேடம் அளந்தார். அழித்துவிட்டு மறுபடி அளந்தார். எஸ்.ஐ. அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு மணி பார்த்தார்.

"ஒரு வார்த்தை போதும் மேடம். ஆணா, பொண்ணா?"

"அநேகமா ஆண்."

"அநேகமாவுக்கு ஃபார்ம்ல எடம் இல்லியே மேடம்."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? எலும்புல இருக்கே."

எஸ்.ஐ. நல்ல மனுஷர்தான். பொறுமைதான் போதாது. அவருக்கு 'ஆண்' மட்டும் காதில் விழுந்தது, மற்றது விழவில்லை. விறுவிறுவென்று வெளியே போனார். நல்ல சேதியை முதலில் சொல்லும் ஆசை அவர் முகத்தில் தெரிந்தது.

"இன்னாம்மா, கண்ணத் தொடச்சிக்கோ. அது உன் பொண்ணு இல்ல. ஆம்பள மண்ட. நிம்மதியா வூட்டுக்குப் போ."

அந்த நடையில் நின்ற எல்லோருக்கும் உயிர் வந்தது. நர்ஸ் கைகூப்பி முண்டகக்கண்ணியம்மனை வேண்டிக்கொண்டாள். நான் கூடப் போய் அந்த அம்மாவின் தோளைத் தொட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. சந்தோஷத்தில் காது அடைத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, "அக்கா, உங்க பொண்ணு இல்லியாம்க்கா" என்று மறுபடி சொன்னேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எஸ்.ஐ. அதைப் பார்க்கவில்லை, வேலை முடிந்தது என்று படியிறங்கிவிட்டார். மேடம் அறை வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்கோ" என்றார்.

கதவைச் சாத்தினேன். அவள் மேடத்துக்கு எதிரில் உட்கார்ந்து முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்குறேன். ஒருத்தங்க பொறப்புல இன்னாவா கீறாங்களோ அத்தத்தான் எலும்பு சொல்லுமா? இல்ல, அப்பால அவங்க இன்னாவா ஆனாங்களோ, அத்த சொல்லுமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. மேடத்துக்குப் புரிந்துவிட்டது. "பொறப்பைத்தான்" என்றார் மெதுவாக. "அநேகமா."

"எம்பொண்ணு பொறக்கச்சொல்ல பையன்."

நான் தரையைப் பார்த்தேன். அந்த அம்மா அழவில்லை. யாரோ கதவைத் தள்ளிவிடுவார்கள் என்ற பயத்தில் வேகவேகமாகப் பேசினாள். மகள் திருநங்கை. முதலில் அப்பன் அடித்து விரட்டினான், அப்பன் செத்த பிறகு அவளே அம்மாவைத் தேடி வந்தாள். அன்றைக்கு ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள். எங்கேயும், யாரிடமும், என்னைப் பையன் என்று சொல்லாதே. பழைய பேரைச் சொல்லாதே. அம்மா அப்படியே நடந்தாள். ஸ்டேஷனில்கூட மகள் என்றுதான் புகார் கொடுத்தாள், மகள் தானே வைத்துக்கொண்ட பேரைத்தான் சொன்னாள்.

"பொண்ணக் காணோம்னு சொல்லச்சொல்லவே, எவன்கூட ஓடிச்சின்னு கேட்டாங்கம்மா. இத்த வேற சொல்லியிருந்தா சிரிச்சி அனுப்பியிருப்பாங்க."

"இப்ப சொல்லணுமே" என்றேன் நான். வாய் தவறி வந்துவிட்டது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "சொன்னா அது எம்பொண்ணா ஆயிடுமே. சொல்லாங்காட்டி எங்கியோ உசுரோட கீதுன்னு இருந்துடுவேன்ல?"

அவள் எழுந்து போய்விட்டாள். நான் மேடத்தைப் பிடித்துக்கொண்டேன். நாமே எஸ்.ஐ.யிடம் சொல்லிவிடலாம், அவள் ரத்தத்தை எடுத்து மரபணு சோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடும், இல்லாவிட்டால் யாரும் கேட்காத ஆண் மண்டை என்று சொல்லிப் புதைத்துவிடுவார்கள் என்று படபடவென்று கொட்டினேன். மேடம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அது அவ பொண்ணுக்குக் குடுத்த வார்த்தைம்மா. நாம எடுத்து இன்னொருத்தர்ட்ட குடுக்கப்படாது."

"அப்ப என்னதான் பண்றது?"

"இன்னும் ஒரு தரம் அளக்கணும்னு தோண்றது" என்றார்.

அதிலிருந்து எங்கள் அறையில் ஒரு கூத்து நடந்தது. எஸ்.ஐ. போன் பண்ணுவார், ரிப்போர்ட் என்னாச்சு என்பார். மேடம், வலது பக்கம் சரியாக இருக்கிறது, இடது பக்கம் கொஞ்சம் இடிக்கிறது என்பார். அடுத்த நாள் இடது பக்கம் சரியாகிவிடும், வலது பக்கம் இடிக்கும். எஸ்.ஐ. பல்லைக் கடிப்பது போனிலேயே கேட்கும். எங்கள் துறைத் தலைவர் கூப்பிட்டு, ஒரு மண்டையோட்டுக்கு இத்தனை நாளா என்று சத்தம்போட்டார். மேடம் "அநேகமா இந்த வாரம் முடிஞ்சுடும் சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். நான் வருஷக்கணக்காகத் திட்டித் தீர்த்த அந்த வார்த்தையை அப்போதுதான் முதல்முதலாக நல்ல வார்த்தை என்று நினைத்தேன். அதற்குள் மறைந்துகொண்டு அந்த அம்மாவுக்காக அவர் நாள் வாங்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஆனால் இன்னொரு கூத்து. மேடம் மயிலாப்பூருக்குப் போகிற வழியில் நொச்சிக்குப்பத்தில் இறங்கிக்கொள்வார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வெங்காயம்கூட வாரத்தில் சில நாள் சேர்க்காத ஆத்து மனுஷி. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மூக்கைப் பொத்தவும் முடியாமல் மூச்சு விடவும் முடியாமல், சங்கராவும் வஞ்சிரமும் பரப்பிய பலகைக்கு முன்னால் நிற்பார். எதுவும் கேட்கமாட்டார். மீன் வாங்க வந்தவர்கள் இவரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். அந்த அம்மா தலை நிமிராமல் செதிள் சீவிக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "வரேம்மா" என்று சொல்லிவிட்டு மேடம் கிளம்பிவிடுவார். எனக்கு ஆத்திரமாக வரும். நாலு நல்ல வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டேன். "நான் வாயைத் தெறந்தா அவளைத் தள்ளிவிட்ட மாதிரி ஆயிடும். நிக்கறேன், அவ்வளவுதான். அவ தனியா யோசிக்க வேண்டாம் பாரு" என்றார்.

ஒரு நாள் அந்த அம்மா கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்தினாள்.

"யம்மா, நீ டெய்லி இங்க வந்து நின்னுக்கினு கீறது கனவுல கூட வருதும்மா. வியாபாரமும் கெடுது. நாளைக்கு வந்து சொல்லிடறேன், போ."

சொன்னபடி வந்தாள். எஸ்.ஐ.யும் வந்தார். மேடத்தின் அறையில், சாத்திய கதவுக்குள், அவளே சொன்னாள். பழைய பேரைச் சொல்லும்போது மட்டும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, மகளிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்தாள்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? எவ்ளோ நாள் வீணா போச்சு" என்றார் எஸ்.ஐ.

"சொல்லியிருந்தா தேடியிருப்பியா சார்?"

எஸ்.ஐ. தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். மண்டையோட்டில் மிஞ்சியிருந்த ஒரு கடைவாய்ப்பல்லை எடுத்து அதோடு சேர்த்து லேபுக்கு அனுப்பினார்கள். மேடம் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். ஆணாக இருக்க வாய்ப்பு அதிகம், உறுதியாகச் சொல்வதற்கில்லை என்று எழுதியிருந்தார்.

லேபில் கூட்டம். பங்குனி போயிற்று, சித்திரை வந்தது. நாங்கள் காத்திருந்தோம் என்று சொல்வது சுலபம். போன் அடித்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். மேடம் மெலிந்துபோனார். ஒரு தலைவலிக்காரப் பெண்ணின் படத்தை அளக்க உட்கார்ந்து, பாதியில் மூடிவைத்துவிட்டார். "இவளுக்கு என்ன பேர்?" என்று கேட்டார். அதற்கு முன்னால் அவர் படங்களுக்குப் பேர் கேட்டதே இல்லை.

முடிவு மேடத்துக்குத்தான் முதலில் தெரிந்தது. எஸ்.ஐ. போனில் சொன்னார். மேடம் எழுந்து செருப்பை மாட்டினார், நான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன். எங்கே போக வேண்டும் என்று ஆட்டோக்காரர் கேட்டதற்கு, "நொச்சிக்குப்பம், சீக்கிரம்" என்றார்.

அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த மீனை அப்படியே போட்டாள். மேடம் பலகையைச் சுற்றிக்கொண்டு, ஈரத்தில் புடவை நனைவதைப் பார்க்காமல், அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"இல்லம்மா. உங்க பொண்ணு இல்ல. அது வேற யாரோ."

"நிச்சயமாம்மா?"

"நிச்சயம்."

அந்த அம்மா அங்கேயே குந்தி உட்கார்ந்து, செதிள் ஒட்டிய கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பக்கத்துக் கடைக்காரி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நானும் அழுதேன், எனக்கு வெட்கமில்லை. கொஞ்ச நேரம் எல்லாம் லேசாக இருந்தது. யாரோ டீ வாங்கி வந்தார்கள். மேடம்கூட அதை வாங்கிக் குடித்தார். அந்த அம்மா டீயை உறிஞ்சிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தாள்.

"அப்ப எம்பொண்ணு எங்கம்மா?"

மேடம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இனிமே ஆம்பள மண்டன்னாலும் எனக்குத்தான் போன் வரும், பொம்பளன்னாலும் எனக்குத்தான் வரும். இல்லியா?" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. விலை சொல்கிற குரலில்தான் சொன்னாள். மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருட்டும் வரைக்கும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அதற்கப்புறம் மேடம் ஓய்வு பெற்றுப் பிள்ளையோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். போகும்போது தன் அளவுகளையெல்லாம் புதிதாக வந்த டாக்டரிடம் ஒப்படைத்தார். என்னிடம் ஒரே ஒரு காரியத்தை ஒப்படைத்தார். மண்டையோடு எது வந்தாலும், போலீஸ் சொல்வதற்கு முன்னால் நாம் அந்த அம்மாவுக்குச் சொல்லிவிட வேண்டும். "அளந்துட்டுச் சொல்லாதே. அளக்கறதுக்கு முன்னாடி கூப்பிடு. அவ இங்க வந்து உக்காந்தப்புறம்தான் மெஷினைப் போடணும்" என்றார். எதற்கு மேடம், இல்லை என்று தெரிந்த பிறகு சொன்னால் அவளுக்கு ஒரு அலைச்சல் மிச்சம்தானே என்றேன். "அந்தத் தலைக்குப் பக்கத்துல ஒருத்தர் இருக்கணும்மா, அது யாரோடதா இருந்தாலும்" என்றார். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. புது டாக்டருக்கும் இது பிடிக்கவில்லை. ஆனாலும் நான் செய்துகொண்டுதான் வருகிறேன்.

போன வாரமும் ஒன்று வந்தது. கூவத்தில் கிடைத்ததாம். புது டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு தயாராக நின்றார். நான் நடைக்கு வந்து போன் போட்டேன். மணி அடித்த மாத்திரத்தில் எடுத்தாள்.

"அக்கா, ஒண்ணு வந்திருக்கு" என்றேன்.

ஆணா பெண்ணா என்று அவள் கேட்கவில்லை.

"வந்துக்கினே கீறேன்" என்றாள்.